மணல் வீச்சில் மடியும் வானரப் படை

ஆயிரத்து நூறு ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் அசையாத கல்லை, ஒரு கம்ப்ரஸரை வாடகைக்குப் பிடித்து இரண்டே நாளில் மொட்டையடித்துவிடலாம். தமிழ்நாட்டுக் கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் இந்த மொட்டை பல காலமாக நடக்கிறது. இந்து சமய அறநிலையத் துறை இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பூனா பக்கத்தில் தேஹு ரோட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு என்ன அக்கறை என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கம்ப்ரஸர் வாடகையில் எங்கள் பணமும் இருக்கிறது.

இந்த ஊர்த் தமிழர்களில் பெரும்பாலோர் ராணுவத் தளவாடக் கிடங்கையும் தொழிற்சாலையையும் நம்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களோடு இன்னும் கொடுக்கல் வாங்கல் அறவில்லை. அந்த ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் உண்டு. தீமிதிக்கு முன் பாரதம் படிப்பார்கள், விடிய விடியக் கூத்து நடக்கும், கடைசியில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்துப் படுகளம் நடத்துவார்கள். குருட்சேத்திரம் எங்களுக்குப் புத்தகத்தில் படித்த போர் அல்ல. குலதெய்வக் கோயிலுக்கோ சிவன் கோயிலுக்கோ கும்பாபிஷேகப் பத்திரிகை வந்தால், ஓவர்டைம் காசில் ஒரு பங்கு ஊருக்குப் போய்விடும். "உபயம்: தேஹு ரோடு, பூனா" என்று சலவைக் கல்லிலும், வெளிச்சமே வராத அளவுக்கு ட்யூப் லைட்டிலும் எழுதி வைத்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். பணம் எதற்குப் போனது என்று மட்டும் நாம் கேட்டதில்லை. அந்தக் குற்றம் நம்முடையது. அதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில், எது அழிகிறது என்று தெரிய வேண்டும்.

கும்பகோணம் நாகேசுவரன் கோயில் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, முதலாம் ஆதித்தன் காலத்தது என்பார்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கை பிரம்மபுரீசுவரர் கோயில் முதலாம் பராந்தகன் காலத்தது. தேவகோட்டத்தில் நிற்கும் பெரிய உருவங்களைப் பார்த்துவிட்டு நகர்பவர்கள் இந்தக் கோயில்களில் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பாதி கீழே, சுவரைத் தாங்கும் பகுதியில், வரிசையாக ஓடுகிறது. கண்டபாதச் சிற்பங்கள் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் சிற்றுருவங்கள் இவை. ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக இருந்தால் அதிகம். அதற்குள் இராமாயணம். வாலியும் சுக்கிரீவனும் மல்லுக்கு நிற்கிறார்கள். வானரர்கள் பாய்கிறார்கள். வில் வளைகிறது. குரங்கின் வால் சுழிந்து எழும் விதத்திலேயே அது ஓடுகிறதா, ஓங்குகிறதா என்று தெரிந்துவிடும். போர்க்களம் என்றால் யானையும் தேரும் நூறு அடிச் சுவரும் வேண்டும் என்று நினைப்பவன், சோழச் சிற்பி ஒரு சாண் கல்லில் செய்து காட்டியதைக் குனிந்து பார்க்க வேண்டும்.

குனியத்தான் வேண்டும். அதில்தான் ஆபத்தும். இந்தப் போர்கள் தரையை ஒட்டி நடக்கின்றன. ஆகவே திருப்பணிக்காரர் கை வைக்கும் முதல் இடமும் அதுவே. பிராகாரத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று ஒரு முறை கல் பாவி, அடுத்த முறை அதன் மேல் டைல்ஸ் ஒட்டி, தரையை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். சுவரைத் தாங்கும் அதிட்டானம் அடி அடியாகப் புதைகிறது. அதில் கல்வெட்டு இருந்தால் கல்வெட்டும், சிற்பம் இருந்தால் சிற்பமும் மண்ணுக்குள் போகின்றன. அகல் விளக்கை அங்கேயே வைத்து எண்ணெயையும் கரியையும் ஏற்றுகிறோம். விபூதியையும் குங்குமத்தையும் கையிலிருந்து தட்டிவிட அந்தப் பிதுக்கம்தான் வசதி. பத்து வருடம் இப்படிச் செய்துவிட்டு, "கல் கறுத்துப் போச்சு, சுத்தம் பண்ணணும்" என்று ஆரம்பிக்கிறோம். வருகிறது மணல் வீச்சு. தளத்தில் எல்லோரும் சொல்வது சாண்ட் பிளாஸ்டிங்.

தேஹு ரோட்டுக்காரர்களுக்கு இந்த வேலையை விளக்கத் தேவையில்லை. துருப்பிடித்த இரும்பு உறையை மறுபடி பெயின்ட் அடிக்கும் முன் உரிப்பதற்கு இதே மாதிரி வீசுவது தொழிற்சாலைகளில் வழக்கம். அழுத்தக் காற்றோடு கூரிய மணலைச் செலுத்தினால் மேல்தோல் உரிந்து உள்ளே இருக்கும் பளபளப்பு வெளியே வரும். இரும்பில் உரிய வேண்டியது துரு. கல்லில் உரிவது சிற்பம். சிற்பி உளியால் இழைத்த கடைசிக் கோடு எதுவோ, வில்லின் நாண், கண்ணின் இமை, அணிகலனின் முத்து, அது ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. முதல் வீச்சிலேயே போய்விடும். ஆறடிச் சிலைக்கு ஒரு மில்லிமீட்டர் போனால் கண்ணுக்குத் தெரியாது என்று வாதாடுபவர்கள் உண்டு. அரையடிச் சிற்பத்துக்கு அதே ஒரு மில்லிமீட்டர்தான் முகம்.

அதோடு நிற்பதில்லை. நூற்றாண்டுகளாக இறுகிய மேற்பரப்பு போனதும் கல்லின் நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. ஈரம் முன்னைவிட எளிதாக இறங்குகிறது. பாசி முன்னைவிட வேகமாகப் பிடிக்கிறது. ஐந்தாறு வருடத்தில் கல் மறுபடி கறுக்கிறது. அப்போது மறுபடி மணல். கல்வெட்டுகளின் கதியும் இதுதான். நிலக்கொடையையும் நந்தா விளக்குக்கு விட்ட ஆடுகளையும் எழுதி வைத்த வரிகள் மேலோட்டமான வெட்டுகள். அவை மங்கினால் ஊரின் வரலாறே மங்கும். இதையெல்லாம் செய்யும் கூலித் தொழிலாளி முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சிலிக்கா தூசியை நுரையீரலில் ஏற்றிக்கொண்டு போகிறான் என்பதும் திருப்பணிக் கணக்கில் எங்கும் வராது.

நாயக்கர் காலத்துப் பெருஞ்சிற்பங்களுக்கு வேறு வகைத் தண்டனை. கிருஷ்ணாபுரத்தில் நாகாஸ்திரத்தோடு நிற்கும் கர்ணனையும், தாரமங்கலத்தில் இராமன் மறைந்து நின்று வாலியைக் குறிபார்க்கும் தூண்களையும் செய்த கைகளுக்குப் பிறகு நம் காலத்தில் பல ஊர்க் கோயில்களில் வந்திருப்பது எனாமல் பெயின்ட் டப்பா. கல்லுக்கு உதட்டுச் சாயம் பூசுகிறார்கள். தூணில் துளையிட்டு ஒயரிங் ஓட்டுகிறார்கள். இதைப் பற்றி எழுதப் புகுந்தால் இன்னொரு தலையங்கம் வேண்டும்.

துறைக்கு இது தெரியாது என்று சொல்ல வழியில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கையொட்டி யுனெஸ்கோவின் உண்மையறியும் குழு வந்து பார்த்து 2017இல் அறிக்கை கொடுத்தது. பழமையான கோயில்களைப் புதுப்பிக்கும் தகுதியும் வல்லுநர் பலமும் துறையிடம் இல்லை என்று அது பச்சையாகச் சொன்னது. கும்பகோணம் வட்டாரத்து மானம்பாடி நாகநாதசுவாமி கோயில், இராசேந்திர சோழன் காலத்தது, புதுப்பிக்கப் போகிறோம் என்று பிரிக்கப்பட்டு, கட்டி முடிக்கப்படாமல் கிடந்த நிலையை அந்த அறிக்கை பதிவு செய்தது. பிறகு 2021 ஜூன் 7 அன்று நீதிபதிகள் ஆர். மகாதேவனும் பி.டி. ஆதிகேசவலுவும் அளித்த தீர்ப்பில் 75 உத்தரவுகள் இருந்தன. கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பதற்கு மரபு ஆணையம் அமைக்கச் சொன்னது அவற்றுள் ஒன்று. இத்தனைக்கும் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012லேயே நிறைவேற்றிவிட்டிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். பன்னிரண்டு வருடம்! ஒரு கும்பாபிஷேகம் முடிந்து அடுத்த கும்பாபிஷேகம் வருவதற்கு ஆகும் காலம். கோயிலை இடிக்கவும் உரிக்கவும் முகூர்த்தம் தவறாத அரசு இயந்திரம், காக்கும் சட்டத்துக்கு மட்டும் நாள் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கழகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒருவரைக் காட்டி ஒருவர் தப்ப முடியாது.

துறையின் பதில் என்னவாக இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். மணல் வீச்சு கூடாது என்று சொல்லியிருக்கிறோம். மாநில அளவில் வல்லுநர் குழு இருக்கிறது, அதன் ஒப்புதலோடுதான் திருப்பணி நடக்கிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஆளை நிறுத்த முடியுமா? இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. வருமானமே இல்லாத கோயில்கள் ஏராளம். ஒரு செயல் அலுவலர் பல கோயில்களைக் கவனிக்கிறார். கூரை ஒழுகும் கோயிலுக்குத் திருப்பணி செய்யாமல் விட்டால் அதுவும் அழிவுதான். 2021க்குப் பிறகு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடமுழுக்குகள் நடந்ததை அரசு பெருமையோடு சொல்கிறது. பெருமைப்படட்டும். அத்தனை கோயில்களிலும் வேலை தொடங்குமுன் எடுத்த படங்களும் முடிந்தபின் எடுத்த படங்களும் எங்கே? அவற்றை ஊருக்கு முன் வைக்க முடிந்தால் இந்தத் தலையங்கத்தை மடித்து வைத்துவிடுகிறோம். ஒப்புதல் என்பது சென்னையில் கோப்பில் விழும் கையெழுத்து. கம்ப்ரஸர் ஓடுவது கிராமத்தில். நடுவில் இருக்கும் ஒப்பந்ததாரருக்குச் சதுர அடிக் கணக்கில் பணம். எவ்வளவு சீக்கிரம் கல் வெளுக்கிறதோ அவ்வளவு லாபம். தூரிகையும் தண்ணீரும் வைத்து ஒரு வானரத்தின் முகத்தை அரை நாள் கழுவும் ஆளுக்கு இந்த மதிப்பீட்டுப் பட்டியலில் இடமே இல்லை. கல்வேலை தெரிந்த ஸ்தபதிகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் மணல் வீச்சைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள்தான். டெண்டரில் ஜெயிப்பது அவர்கள் அல்ல.

சட்டத்திலும் ஓட்டை. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சிதைத்தால் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை நானூற்றுச் சொச்சம். மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன் பட்டியல் இதைவிடச் சின்னது. இரண்டிலும் சேராத பல்லாயிரம் கோயில்களில் ஒரு சோழர் காலச் சுவரை உரித்தவனை எந்தப் பிரிவில் பிடிப்பது? சுற்றுலா வந்த இளைஞன் ஒருவன் எல்லோராவில் தன் பெயரைக் கிறுக்கினால் காவல் நிலையம் போக வேண்டியிருக்கும். ஊர்க் கோயிலில் சுவர் முழுவதையும் மணலால் அடித்த ஒப்பந்ததாரருக்குக் கும்பாபிஷேக மேடையில் பரிவட்டம் கட்டுகிறார்கள்.

நம் ஊருக்குப் பக்கத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறோம். பூனாவிலிருந்து சோலாப்பூர் சாலையில் போனால் யவத் அருகே மலைமேல் புலேஷ்வர் கோயில். யாதவர் காலத்துக் கருங்கல் வேலை. உள்சுவரில் இராமாயண, பாரதக் காட்சிகள். அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடக்கிறார். தேஹு ரோட்டிலிருந்து ஆவணிக்கும் சிராவணத்துக்கும் போய் வருகிறவர்கள் நிறைய. சிற்பங்கள் பலவற்றுக்கு மூக்கு இல்லை, கை இல்லை. பார்த்தவுடன் எல்லோருக்கும் கோபம் வருகிறது, படையெடுத்து வந்தவர்களைத் திட்டுகிறார்கள். வரட்டும். ஆனால் உடைக்க வந்தவன் சுத்தியலால் அடித்தான். மூக்கு போனது, அம்புப் படுக்கை இருக்கிறது, கதை இருக்கிறது, இன்றும் குழந்தைக்குக் காட்டி இது பீஷ்மர் என்று சொல்ல முடிகிறது. பக்தியோடு வருபவன் மணலால் அடித்தால் எது பீஷ்மர், எது அம்பு என்றே தெரியாது. எதிரிக்குக்கூட வாய்க்காத துல்லியம் இது. பகைவன் பெயரைச் சொல்லி மார்தட்டும் கூட்டங்கள், சொந்த ஊர்த் திருப்பணிக் குழுவைப் பார்த்து வாய்மூடி நிற்பதை வீரம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

கம்போடியாவில் அங்கோர் வாட் கோயிலின் மேற்குக் கூடத்தில் ஒரு பக்கம் குருட்சேத்திரமும் மறுபக்கம் இலங்கைப் போரும் பிரம்மாண்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கோயிலில் 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறைதான் சீரமைப்புப் பணி செய்தது. உள்நாட்டுப் போர் ஓயாத நாட்டில், வேறு பலர் போகத் தயங்கிய காலத்தில் போன துணிச்சலைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனாலும் அங்கே கல்லைக் கழுவியதில் பயன்படுத்திய ரசாயனமும் தூரிகையும் கல்லின் மேற்பரப்பைக் கெடுத்துவிட்டன என்று உலகின் பல மூலைகளிலிருந்து கடுமையான விமர்சனம் எழுந்தது. தூரிகைக்கே அந்த விசாரணை. தூரிகையையும் நீர்த்த கரைசலையும் பற்றி அறிஞர்கள் முப்பது வருடமாக விவாதிக்கும் உலகில், நாம் மணலையும் அழுத்தக் காற்றையும் பற்றி விவாதமே இல்லாமல் ஒப்பந்தம் போடுகிறோம். அண்டை மாநிலத்தில் ஹளேபீடு, யானை மீது வரும் பகதத்தனையும் சக்கர வியூகத்துக்குள் அபிமன்யுவையும் வைத்துக்கொண்டு 2023இல் உலக மரபுச் சின்னமாகிவிட்டது. நம்மிடம் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அந்தப் பட்டியலில் இருப்பதைச் சொல்லிச் சொல்லியே, பட்டியலில் இல்லாதவற்றைக் கைகழுவிவிட்டோம்.

துறை உடனே செய்ய வேண்டியது இது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கோயிலிலும் பாலாலயம் செய்வதற்கு முன், அதிட்டானத்திலிருந்து கூரை வரை ஒவ்வொரு சிற்பத்தையும் கல்வெட்டையும் படமெடுத்து, அந்தப் பதிவைத் துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பதிவு இல்லையேல் வேலை உத்தரவு கிடையாது. மணல் வீச்சுக்குத் தடை என்பது சுற்றறிக்கையில் தூங்கக் கூடாது. ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும், மீறினால் பணம் நிறுத்தம், கறுப்புப் பட்டியல், குற்ற வழக்கு என்று அதே பக்கத்தில் இருக்க வேண்டும். மேற்பார்வையில் இருந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும், மாறுதலில் போய்விட்டார் என்ற சமாதானம் செல்லாது. கல் சுத்தம் செய்யும் வேலையைச் சதுர அடிக் கணக்கிலிருந்து எடுத்து, பயிற்சி பெற்றவர்களின் நாள் கணக்குக்கு மாற்ற வேண்டும். புதைந்த அதிட்டானங்களை வெளிக்கொணரத் தனி நிதி ஒதுக்க வேண்டும். சில இடங்களில் இரண்டு அடுக்குத் தரையைப் பெயர்த்தாலே போதும், சிற்பங்கள் காற்றைப் பார்க்கும். மரபு ஆணையம் வேலை செய்கிறது என்றால், எந்தெந்தக் கோயிலில் எந்தெந்த வேலையைத் தடுத்தது என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது பெயர் சொல்லி அறிவிக்கட்டும்.

இனி நாம். திருப்பணிக் குழுக்காரர் ரசீதுப் புத்தகத்தோடு பூனாவுக்கு வரும்போது நாம் அவரைக் கடவுளின் தூதரைப் போல நடத்துகிறோம். காபி கொடுக்கிறோம், சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம், கும்பாபிஷேகத்துக்கு லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பளிச்சென்று வெளுத்த கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அந்த வெளுப்பு நமக்குப் பிடிக்கிறது என்பதுதான் உண்மை. பழைய கல் கறுப்பாக இருந்தால் கோயிலைக் கவனிக்க ஆளில்லை என்று நாமே பேசுகிறோம். பெயின்ட் அடித்தால்தான் மனசு நிறைகிறது. ஒப்பந்ததாரர் நம் ஆசையைத்தான் நிறைவேற்றுகிறார். இதை ஒப்புக்கொள்ளாமல் துறையை மட்டும் வைவது பாதி நேர்மை.

ஆகவே தேஹு ரோடு, கட்கி, பிம்பிரி, பூனா நகரம் என்று இந்த வட்டாரத் தமிழ்ச் சங்கங்களிடமும் கோயில் குழுக்களிடமும் நாம் வைக்கும் கோரிக்கை ஒன்று. அடுத்த முறை ஊரிலிருந்து திருப்பணிப் பத்திரிகை வந்தால், நான்கு கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள்: கோயில் எந்தக் காலத்தது, வேலைக்கு முன் எடுத்த படங்கள் எங்கே, கல்லை எந்த முறையில் சுத்தம் செய்யப் போகிறீர்கள், தரையை உயர்த்தப் போகிறீர்களா. செயல் அலுவலர் அல்லது தக்கார் கையெழுத்திட்ட பதில் வரும்வரை ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். "சாமி காரியத்துக்குக் கணக்குக் கேட்கலாமா" என்று அண்ணனோ சித்தப்பாவோ போனில் கோபப்படுவார்கள். அதே சாமிக்குத் தானம் கொடுத்த சோழன் எத்தனை காசு, எத்தனை ஆடு, எத்தனை நாழி நெய் என்று கல்லில் வெட்டிக் கணக்கு வைத்தான் என்று சொல்லுங்கள். நிதியை வேண்டாம் என்று எந்தக் குழுவும் சொல்லாது; பதில் வரும். துறை ஆணையருக்கும் இந்தக் கேள்விகளை அனுப்புகிறோம். வரும் பதிலையோ, பதில் வராததையோ, ஊர்ப் பெயரோடு இதே பக்கத்தில் அச்சிடுவோம்.